ஞாயிற்றுக்கிழமைக் குரல்

வெட்கப்படும்படி யாராவது நாலு வார்த்தை சொன்னால்தான் என் மூளை வேலை செய்யும். இதை நானாகச் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, ஒரு வாரம் என்னோடு குடித்தனம் நடத்திவிட்டுச் சொன்ன தீர்ப்பு இது.

அதற்கு முன்னால் நான் சாதாரண மக்குதான். மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே வரிசையாகக் காற்றாலைகளை நட்டு, அவற்றை இயக்க ஆள் எடுக்கத் தொடங்கியிருந்த காலம். தூத்துக்குடியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பைத்தியம், கடல் காற்றாலை உரிமத் தேர்வு. உரிமம் கிடைத்துவிட்டால் பாதி மாதம் கடல் நடுவே மேடையில் வேலை, மீதி மாதம் வீட்டில் ராஜபோகம். நானும் எழுதினேன், தோற்றேன். மறுபடியும் எழுதினேன், முதல் தடவையைவிடக் குறைவாக வாங்கினேன். என் பெரியப்பா மகள் சண்முகவடிவு முதல் தடவையிலேயே பாஸாகி, மஞ்சள் தொப்பி போட்ட போட்டோவைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவைத்தாள்.

என் அம்மா பேச்சித்தாய் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். அப்பா நான் நடை பழகுவதற்குள் தோணியில் மாலத்தீவுக்குப் போனவர், அங்கேயே வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டார். ஆகவே வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர், கருப்பட்டி என்று ஒரு பூனை, அப்புறம் அம்மாவின் வாய்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாசத்தைத் திட்டாகத்தான் பரிமாறுவார்கள். "ஏட்டி மூதி, எங்கன போய்த் தொலைஞ்ச, சோறு ஆறிப் போயிக் கெடக்கு" என்றால் சாப்பிட வா என்று பொருள். "கூறுகெட்டவளே, சளியோட தலைக்கு ஊத்திட்டு வந்து நிக்கியே, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு" என்றால், இரு, துவட்டிவிடுகிறேன் என்று பொருள். சொல்லும்போதே கையில் துண்டு இருக்கும். அம்மா என்னைக் கண்ணே என்றோ செல்லமே என்றோ கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. கூப்பிட்டிருந்தால் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று பயந்திருப்பேன். இரண்டாவது தடவை தோற்றபோதுகூட, "அந்தத் தாளத் திருத்துனவன் கண்ணு அவிஞ்சா போச்சு, நீ எந்திரிச்சு மூஞ்சியக் கழுவுட்டி" என்றுதான் சொன்னாள். எனக்கு அது ஒரு வாளித் தண்ணீர் மாதிரி குளிர்ந்தது.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஊன்றுகோல் பயிலகம் என்று ஒன்று வந்திருக்கிறது, அங்கே போனவர்கள் யாரும் தோற்றதில்லை என்று கம்பெனியில் யாரோ சொல்லக் கேட்டு, அம்மா என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். போன உடனே போனை வாங்கிக்கொண்டு பட்டையை ஒட்டினார்கள். முதல் வாரம் முழுக்க அந்தப் பட்டை, தூக்கம் வரும் நேரத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தது. சின்ன வயதில் நடந்தது எதையாவது சொல்லு, மனதை உறுத்துவது எதையாவது சொல்லு என்று கேட்டது. குரலை அளக்கிறார்களாக்கும் என்று நானும் உளறிக்கொண்டே தூங்கிப்போவேன்.

வாரக் கடைசியில் ரூபன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பட்டைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சென்னைக்காரர், மென்மையாகப் பேசுவார், யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொருத்தர் மூளைக்கும் ஒரு வாசல் இருக்கு, ஆவுடை. சிலருக்குப் பரிசு. சிலருக்குப் பக்கத்துல இருக்கறவனை ஜெயிக்கணும். சிலருக்கு பயம். எதுக்காகப் படிக்கிறோம்ங்கறதைப் பொறுத்துதான் பாடம் உள்ளே போய் உட்காரும். தப்பான வாசல்ல நின்னுக்கிட்டு வருஷம் பூரா தட்டினாலும் யாரும் திறக்க மாட்டாங்க. நீ இதுவரைக்கும் செஞ்சது அதுதான்."

"எனக்கு எது வாசல் சார்?"

திரையை என் பக்கம் திருப்பினார். "பாராட்டு வேலைக்காகல. பரிசு சுத்தமா இல்ல. போட்டி ஏதோ கொஞ்சம். இதைப் பாரு." ஒரு சிவப்புக் கோடு ஓரிடத்தில் மட்டும் விர்ரென்று ஏறியிருந்தது. "இது புதன்கிழமை. வகுப்புல உன்னை எழுப்பி நிக்க வச்சு, உன்னைப் பெத்தவங்க பாவம்னு வாத்தியார் சொன்னாரே, அந்த நேரம். சொல்லச் சொன்னது நாங்கதான், தப்பா எடுத்துக்காதே. காத்து எல்லை மீறி அடிச்சா இறக்கையை எப்படித் திருப்பணும்?"

"விளிம்பு காத்தப் பாக்குற மாதிரி திருப்பணும் சார். அப்பத்தான் காத்து புடிக்காம வழுக்கிட்டுப் போவும்."

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. கூடவே அந்தப் புதன்கிழமையின் சூடு முகத்தில் ஏறியது.

"பாத்தியா? அன்னைக்கு நடத்தினது ஒரு எழுத்து விடாம உள்ளே இருக்கு. உன் வாசல் அவமானம்" என்றார், ரத்தப் பிரிவு என்ன என்று சொல்வதைப் போல.

விடுதி முழுக்க எல்லாருக்கும் இப்படி ஒரு பெயர் இருந்தது. பரிசுக்காரிகள், போட்டிக்காரிகள், பயந்தவர்கள். என் அறைத் தோழி பிலோமினுக்கு மட்டும் ஆர்வம் என்று வந்திருந்தது. பாவம், அவளை நினைத்து ரூபன் சார் ரொம்ப வருத்தப்பட்டார். ஆர்வம் உள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள், பாடத்தை விட்டு வெளியே மேயப் போய்விடுவார்கள், தேர்வுக்கு லாயக்கில்லை என்பது பயிலகத்தின் அனுபவம். பிலோமின் காற்றாலைப் பாடத்தை விட்டுவிட்டு, ஆலை சுற்றும் சத்தம் மீனுக்குக் கேட்குமா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னா உனக்கு ரொம்ப உறைக்கும்?" என்று கேட்டார் சார்.

சண்முகவடிவு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உண்மை அதுவல்ல. "அம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு பெற்றோர்களை வரச் சொன்னார்கள். அம்மா ரோஸ் நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, இறால் ஊறுகாயோடு வந்து இறங்கினாள். பெற்றோரை மட்டும் வைத்து ஒரு கூட்டம் நடந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் குரலைப் பதிந்தார்கள். வெளியே நின்று பார்த்தேன். அம்மா கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. வெளியே வந்தவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நல்லாப் படிம்மா" என்று மட்டும் சொல்லிப் பஸ் ஏறிவிட்டாள். இளைத்துவிட்டாயே மூதி என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாள் பட்டைக்குள் அம்மா வந்தாள்.

கவனம் கொஞ்சம் பிசகினால் போதும், காதுக்குள் அச்சு அசலாக அவள் குரல். "மறுபடியும் கோட்ட விடுதியா? சண்முகவடிவு அம்மா முன்னால நான் எப்படி நிமிர்ந்து நடக்க?" சூத்திரம் மறந்தால், "என் கையப் பாத்திருக்கியா? ஐஸ்ல கெடந்து வெளுத்துப்போன கை. அந்தக் கையால சோறு வாங்கித் திங்க ஒனக்கு வெக்கமா இல்ல?" ஒருநாள் மதியம் வகுப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். அப்போது அது சொன்னதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. "ஒம்பதாப்பு படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுல உன் கூட்டாளிகளோட நின்னியே. என்மேல இறால் நாத்தம் அடிக்கும்னு, என்னப் பாத்தும் பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிட்டுப் போனியே. நான் பாத்தேன்ட்டி."

அது நடந்ததுதான். அம்மா அன்று கூட்டத்துக்குள் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றாள், பார்க்கவில்லை என்றே இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மனதில் வைத்திருந்து, அந்நியன் ஒருவன் கண்ணாடி அறையில் கேட்டதும் கொட்டியிருக்கிறாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று நடத்திய மின்னேற்றப் பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம்.

மதிப்பெண் ஏறியது. மாதிரித் தேர்வுகளில் கடைசி வரிசையில் இருந்தவள் முன்னால் வந்தேன். ரூபன் சார் என்னைப் புதுப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்டார். ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. படித்தது எதுவும் தனியாக வராது. இறக்கையின் கோணத்தை நினைத்தால் பெற்றவள் பாவம் என்பதும் கூட வரும். மின்னேற்றத்தைத் தொட்டால் பஸ் ஸ்டாண்டு வரும். பிலோமின் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். எனக்குக் கணக்கு சரியாக வந்தால் காது சுடும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரலுக்கு வருகிறேன்.

வார்டன் அறைக்குப் பக்கத்தில் ஒரு போன் உண்டு. ஞாயிறு காலை வீட்டிலிருந்து பேசுவார்கள். முதல் ஞாயிறு நான் எடுத்ததும், "செல்லம், நல்லா இருக்கியா கண்ணு? சாப்பிட்டியாம்மா? ஒடம்பப் பாத்துக்கோ தங்கம்" என்றது. நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். எங்கம்மாவா? கண்ணா? தங்கமா? அவள் தங்கம் என்று சொல்லிக் கேட்டது நகைக்கடை வாசலில் மட்டும்தான்.

பிலோமினிடம் சொன்னேன். "ஏளா, இதுவும் அவனுவ வேலைதான். ஆறு நாளு சூடு வைக்கானுவ. ஏழாம் நாளு மருந்து தடவுதானுவ. செத்துகித்துப் போயிறக் கூடாதுல்லா."

"உங்கம்மாவாவே இருந்தா?"

"எங்கம்மா என்னைத் திட்டாம ஒரு நிமிஷம் பேச மாட்டா. காதுல கேக்குறதுதான் அவ. இது மெஷினு."

"கேட்டுப் பாரேன், வீட்டு விஷயம் ஏதாவது."

அடுத்த வாரம், நம்ம பூனை பெயர் என்ன என்று கேட்டேன். "கருப்பட்டி. ஏன் கண்ணு கேக்க?" என்றது. சரியாகச் சொல்லிவிட்டதே என்று பிலோமின் குதித்தாள். பஸ் ஸ்டாண்டு விஷயமே தெரிந்த மெஷினுக்குப் பூனை பெயர் தெரியாதா என்று நான் அவள் வாயை அடைத்தேன். அத்தோடு எனக்குச் சந்தேகம் போனது.

பிறகு அந்தக் குரலை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அது பேசிக்கொண்டிருக்கும்போது போனை மேசையில் போட்டுவிட்டுப் போய்த் தலை வாரிக்கொண்டு வருவேன். திரும்பி வந்து எடுத்தால், "கேக்குதா கண்ணு? லைன் கெடைக்கலியோ?" என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும். அதைப்போலவே கொஞ்சிப் பேசிக் காட்டுவேன், பின்னால் நிற்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள், "ஒன்ன எத்தன ரூவாய்க்கு வாங்குனானுவ?" என்று கேட்டேன். அது, "படிச்சுப் படிச்சு அசதியா இருக்கோ தங்கம்" என்றது. ஆறு நாள் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுக்க எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

உரிமத் தேர்வு நெருங்கியது. அவமானக்காரிகளைக் கடைசி நேரத்தில் ஏதாவது பெரிய அதிர்ச்சி கொடுத்துச் சோதிப்பார்கள் என்று விடுதியில் ஒரு பேச்சு. அந்த ஞாயிறு போனில் குரல் மிக மெதுவாக வந்தது.

"கண்ணு, ஒண்ணு சொல்லணும். பயந்துராத. வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன்லா, கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்லிட்டாவ. புதன்கிழமை ஆபரேசன். ஒரே ஒரு நாளு வந்துட்டுப் போறியா தங்கம்? உள்ள போவும்போது உன் மொகத்தப் பாத்துட்டுப் போனாப் போதும்."

வந்துவிட்டது சோதனை என்று எனக்கு ஒரே குஷி.

"இந்தா பாரு" என்றேன். "எங்கம்மாவுக்கு ஒரு எளவும் கெடையாது. இப்படிக் கெஞ்சுறதுக்கு வேற ஆளப் பாரு. எனக்குப் படிக்க வேண்டியது நெறைய கெடக்கு. செத்தாச் சொல்லியனுப்பு, வாறேன்."

அது, "சரிம்மா. நல்லாப் படி" என்று சொல்லி வைத்துவிட்டது. நான் அறைக்கு ஓடிப்போய், மெஷினைத் தோற்கடித்துவிட்டேன் என்று பிலோமினிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "என்னன்னு வார்டன்ட்ட கேட்டுருக்கலாம்லா" என்றாள். ஆர்வக்காரிக்கு எல்லாவற்றிலும் கேள்விதான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் வரவில்லை. சோதனையில் பாஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு எழுதினேன். முடிவு வரும்வரை பயிலகத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள், இருந்தோம். மாநிலத்தில் முதல் வரிசைக்குள் என் பெயர் வந்தது. மேள தாளம், மாலை, இனிப்பு. ரூபன் சார் என் காதுக்குப் பின்னாலிருந்து பட்டையைத் தன் கையாலேயே எடுத்தார். அந்த இடத்தில் தோல் வெளுத்துப்போய்ச் சில்லென்று இருந்தது.

"அம்மாவோட சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசைப்பட்டோம்" என்றார். "நேத்து நானே பேசினேன். ஆபரேஷனுக்கு அப்புறம் பஸ்ல அவ்வளவு தூரம் வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராமே. பரவாயில்ல, நாங்க ஒருநாள் தூத்துக்குடி வந்து எடுத்துக்கறோம்."

"என்ன ஆபரேஷன்?"

"என்னம்மா கேக்கறே? உங்கிட்டே சொல்லலையா? வாரா வாரம் பேசினீங்களே."

"சார், அந்தப் போனு..." என்று இழுத்தேன். "ஞாயித்துக்கிழமை போன்ல பேசுனது மெஷின்தானே?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "அது சாதாரணப் போன், ஆவுடை. வீட்டுல இருந்து வர்றது. அதுல நாங்க எதுக்குக் கை வைக்கப் போறோம்?"

"எங்கம்மா அப்படிப் பேச மாட்டா சார். கண்ணு தங்கம்னெல்லாம் பேசவே தெரியாது."

"ஓ, அதுவா!" அவர் முகம் தெளிந்தது. "பெற்றோர் கூட்டத்துல நாங்கதான் சொன்னோம். போன்ல ஒரு கடுமையான வார்த்தைகூட வரக் கூடாது, அது பட்டையோட கணக்கைக் கெடுத்துடும், அன்பா மட்டும் பேசுங்கன்னு. உங்கம்மாதான் எழுந்து நின்னு, எனக்கு அப்படிப் பேச வராதே சார், எந்த மாதிரிப் பேசணும்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம்."

"அப்போ பட்டைக்குள்ள திட்டுனது?"

"குரல் அவங்களோடது. கண்ணாடி அறையில ஏதாவது பேசுங்கன்னோம், இறால் ஊறுகாய் எப்படிப் போடணும்னு அரை மணி நேரம் சொன்னாங்க. குரல் எடுக்க அது போதும்."

"பஸ் ஸ்டாண்டு விஷயம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கே சார். பாத்தேன்னு சொன்னாளே."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அது நீ சொன்னது. முதல் வாரம் தூங்கறதுக்கு முன்னாடி பட்டை கேட்டுச்சே, எல்லாத்தையும் நீதான் சொன்னே. பஸ் ஸ்டாண்டு, கை, பெரியப்பா பொண்ணு, எல்லாம். உன் மனசு உன்னையே சொல்ற வார்த்தைதான் ஆழமா இறங்கும். நாங்க அதுக்கு ஒரு குரல் கொடுத்தோம், அவ்வளவுதான்." பிறகு, என் தோளைத் தட்டி, "அதனாலதானே ஜெயிச்சே" என்றார்.

மாலையைக் கழற்றி எங்கே போட்டேன் என்று நினைவில்லை. தென்காசியில் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னைத் திட்டப் பார்த்தேன். பட்டை இல்லாமல் எனக்குத் திட்டவும் வரவில்லை. செத்தாச் சொல்லியனுப்பு என்று நான் சொன்னது மட்டும் வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்டுக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்துவிட வேண்டும், நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஊர் வரும்வரை மனப்பாடம் செய்தேன்.

மதிய வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதி ஆளாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வா கண்ணு" என்றாள்.

அதே குரல். அந்தப் போன் குரல். இத்தனை நாள் பழகியதில் அது அவளுக்கு வாயிலேயே தங்கிவிட்டிருந்தது. வாசற்படியிலேயே நின்றேன்.

"ஆபரேசன் ஆயிட்டு. பயப்படுத மாதிரி ஒண்ணுமில்ல தங்கம். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி ஆஸ்பத்திரியில கூடவே இருந்தா. நீ பாஸாயிட்டியாமே, அந்த சார் சொன்னாரு."

"எம்மா, அன்னைக்குப் போன்ல..."

"அந்தப் போனப் பத்திப் பேசாத!" அம்மா கையை ஓங்கி மறித்தாள். வயிறு இழுத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அது நீ இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா."

நான் உள்ளே போய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன்.

"என் கொரல எடுத்தவனுக்கு உன் கொரல எடுக்க எம்புட்டு நேரமாவும்? கண்ணு, தங்கம்னுதான் பேசணும்னானுவ. எனக்கு எங்கிட்டு வருது? செல்லக்கனிய எதுக்க உக்கார வச்சு, அவளக் கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகுனேன். அவ சிரிச்சே செத்தா. பள்ளிக்கொடத்துக்குப் போவாதவ, பரீச்சைக்குப் படிச்ச மாதிரிப் படிச்சேன்ட்டி, உனக்காவ. அப்படிப் பக்குவமா நான் பேச, அந்தப் பக்கம் அந்தச் சவம் போனக் கீழ போட்டுட்டுப் போவுது, எத்தன ரூவாய்க்கு வாங்குனானுவன்னு கேக்குது. சரி, பிள்ளைக்கு என்னமோ பாடமாக்கும்னு பொறுத்துக்கிட்டேன். கடைசியில, செத்தாச் சொல்லியனுப்புங்குது. எம்புள்ள சொல்லுவாளா அத? போன வச்சிட்டுச் செல்லக்கனிட்டச் சொன்னேன், மெஷின வச்சு ஏமாத்துதானுவடி, எம்புள்ளைக்கு விசயமே போய்ச் சேரலன்னு. தெரிஞ்சிருந்தா நீ ஓடி வந்திருப்பேல்லா. அந்த நெனப்புலதான் ஆபரேசனுக்கே உள்ள போனேன்."

சொல்லி முடித்துவிட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஐஸில் வெளுத்த அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடி இறுகிக்கொண்டே போனது.

"சொல்லுட்டி. மெஷின்தானே அது?"

பஸ்ஸில் மனப்பாடம் செய்தது எல்லாம் நாக்கு நுனியில்தான் நின்றது. அவள் கண்ணில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. நான் என்ன சொல்வேனோ என்ற பயம்.

"ஆமாம்மா" என்றேன். "மெஷின்தான்."

அம்மா பெரிய மூச்சாக விட்டாள். மணிக்கட்டை விட்டாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள், எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் மடை திறந்துகொண்டது.

"வெளங்குமா அது? நாசமாப் போவ! பெத்தவ வலியில கெடக்கா, அவகிட்டப் பேசுற பேச்சா அது? கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும், அந்தக் கட்டையில போறதுக்கு ஈரம் இருந்துச்சா? மனுசப் பிறவியா இருந்தா வெக்கப்பட்டுச் சாவும். வெக்கம் எங்கிட்டு இருக்கும், மெஷினுக்கு? தாயின்னு ஒருத்தி இருந்தால்ல தெரியும் அந்த அருமை?"

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. அம்மா திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நீ எதுக்குட்டி அழுத, கோட்டிக்காரி? உன்னையா சொல்லுதேன்?"

"இன்னும் திட்டும்மா" என்றேன்.

அவள் திட்டினாள். காதில் பட்டை ஏதும் இல்லை. ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் எல்லாம் எனக்கு மனப்பாடமாகிக்கொண்டிருந்தது.